காப்பு கட்டிய ஊரில் நரிவெங்காயப் பூ

ஒரு பூவைப் பார்க்கப் பேராவூரணிப் பக்கம் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் பேப்பரைக்கூட இறக்காமல், "பூக்காரத் தெருவுல இல்லாத பூவா?" என்றார். காலமெல்லாம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்தவள் நான். எந்தக் கேள்விக்கு வாயைத் திறக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இரண்டு புடவையையும் ஒரு டார்ச் லைட்டையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது தஞ்சாவூரில் இல்லை, இங்கிலாந்தில். போன வருடம் மகள் கவியின் பிரசவத்துக்குப் போயிருந்தேன். நம் சித்திரை மாதம் அவர்களுக்கு வசந்தம். வசந்தம் என்று பெயர்தான், குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. எதிர்வீட்டு மார்கரெட் அம்மாள் ஒருநாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு காட்டைப் பார்க்கப் போனார். காட்டுக்கு ரொம்ப தூரம் முன்பே ஒரு புல்வெளியில் எல்லாக் கார்களையும் நிறுத்தச் சொல்லி மஞ்சள் சட்டைக்காரர்கள் கையைக் காட்டினார்கள். அங்கிருந்து நடை. முனகிக்கொண்டே நடந்தேன். காட்டுக்குள் நுழைந்ததும் முனகல் நின்றுபோனது.

தரை முழுக்க நீலம். மரங்களுக்கு அடியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நீலப் பூ. ப்ளூபெல் என்றார்கள். இரண்டு பக்கமும் கயிறு கட்டி நடுவில் மட்டும் நடக்கவிட்டிருந்தார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ கயிற்றைத் தாண்டிக் காலை வைத்தது. ஒரு பெரியவர் அதட்டினார். அவருடைய இங்கிலீஷை நம் ஊர்த் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மிதிச்ச இலை மறுபடி நிமிராது கண்ணு. இலை போச்சுன்னா கிழங்குக்குச் சோறு போடுறது யாரு?"

அந்த ஊர் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கின்றன. வசந்தத்தில் அவை துளிர்த்து வெளிச்சத்தை மூடுவதற்குள் இந்தச் செடி இலை விட்டு, பூத்து, விதை போட்டு, சேர்த்த சாப்பாட்டைக் கிழங்கில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடுகிறது. விதையிலிருந்து பூ வரைக்கும் வர ஐந்தாறு வருடம் பிடிக்குமாம். வேர்கள் சுருங்கிச் சுருங்கிக் கிழங்கை ஆழத்துக்கு இழுத்துவிடுமாம். வெங்காயம் மாதிரி இருந்தாலும் கிழங்கு விஷம். அதன் சாற்றை அந்தக் காலத்தில் பசையாகப் பயன்படுத்தினார்களாம். எல்லாம் மார்கரெட் அம்மாள் சொல்லித் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு தடிப் புத்தகத்தைத் திறந்து, "இதற்கு உங்கள் நாட்டிலும் ஒரு பங்காளி இருக்கிறது" என்று ஒரு படத்தைக் காட்டினார். வறண்ட மண்ணில் மொட்டைக் குச்சி, அதில் சோகை பிடித்த மாதிரி நாலைந்து பூ. போனில் அதன் தமிழ்ப் பெயரைத் தேடினேன். நரிவெங்காயம்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சித்தி ஊரில் கால் ஆணிக்கு அதைத்தான் சுட்டு மிதிப்பார்கள். கிழங்கைத் தெரியும், மழைக்கு அப்புறம் வருகிற நீட்ட இலையைத் தெரியும். பூவை நான் பார்த்ததே இல்லை. சீமையில் கயிறு கட்டிக் காப்பாற்றுகிற பூவின் சொந்தக்காரி என் சித்தி ஊர் மண்ணில் கிடக்கிறாள், பார்க்காமல் விடுவேனா?

அந்த வாரமே தனம் இறந்த செய்தி வந்தது. தனம், சித்தி மகன் குமரேசனின் மனைவி. அவர்கள் ஊர் அம்மன் திருவிழா அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைப்பிள்ளையோடு இருந்த மகளை விட்டு என்னால் வர முடியவில்லை. போனில் நான்தான் அழுதேன். அவன் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆக, இந்தச் சித்திரையில் நான் கிளம்பியது குமரேசனைப் பார்க்கவும் பூவைப் பார்க்கவும். கிளம்பும் முன் போன் செய்தபோது அவன் சொன்னான்: "வாங்கக்கா, தாராளமா வாங்க. ஆனா நரிவெங்காயம் பூக்காதுக்கா. எங்க ஊருல யாரை வேணாலும் கேளுங்க."

பார்க்கலாம், அதுவா நானா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே பஸ் மல்லுக்கு நின்றது. ஒரத்தநாடு தாண்டியதும் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிவைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் காய் உடைந்து உளுந்து உதிரும், கூலி மிச்சம். எங்கள் பஸ் ஏறியது, இறங்கவில்லை. செடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு என்னென்னவோ சத்தம் வந்தது. "எறங்குங்க, எறங்குங்க, பின்னாடி வண்டி வருது" என்றார் கண்டக்டர். இங்கிலாந்தில் ரயில் சற்றே தாமதமானால் ஒலிபெருக்கியில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே எங்களை வெயிலில் இறக்கிவிட்டு, "பாத்து நில்லுங்க, உளுந்தை மிதிச்சா அந்தம்மா திட்டும்" என்று எங்களுக்கே புத்தி சொன்னார். ரோட்டோரம் நின்ற உளுந்துக்கார அம்மா, நாங்கள் மிதிப்பதற்கு முன்பே திட்டிக்கொண்டுதான் இருந்தது.

பின்னாடி வந்த வண்டியில் நின்றுகொண்டே போனேன். புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆற்றுக்குள் ஸ்டம்பு நட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பட்டுக்கோட்டையில் வண்டி மாறினேன். பசி பிடுங்கியது. ஆனால் ஒரு வாய் சாப்பிடவில்லை. காரணம் நண்டு. குமரேசன் வீட்டிலிருந்து சேதுபாவாசத்திரம் கடல் கூப்பிடு தூரம். போனால் நண்டுக் குழம்பு இல்லாமல் இலை போட மாட்டார்கள். அதற்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன்.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கிழங்கு தோண்டச் சாக்கோடு ஆள் வந்துவிடும். பேராவூரணியிலிருந்து கடல் பக்கம் போகிற ரோட்டில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் ஒரு ரைஸ் மில், அங்கிருந்து பிரிந்து ஊருக்குள் போகிற குறுகல் ரோடு, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, கடைசியில் அம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னக் காடு.

மில் முக்கில் குமரேசன் வண்டியோடு நின்றான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவன், இப்போது தென்னை வைத்திருக்கிறான், கோயில் கமிட்டியில் செயலாளர். பாதியாக இளைத்திருந்தான்.

"ஏன்டா இப்படி ஆயிட்ட?" என்றேன்.

"ஏறுங்கக்கா, வெயிலு" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "இன்னைக்குச் சாயங்காலம் காப்பு கட்டுறாங்க. கட்டும்போது நீங்க ஊருல இருந்துட்டீங்கன்னா திருவிழா முடியறவரைக்கும் வெளியூருல போயி ராத்தங்கக் கூடாது. யோசிச்சிக்குங்க" என்றான்.

"இருக்கத்தானே வந்தேன். பச்சை மரம் வெட்டக் கூடாதுங்கறதும் அதுல உண்டுல்ல?"

"உண்டு. பச்சையில கத்தி வைக்கக் கூடாது. கவிச்சியும் கூடாது."

"கவிச்சியா? அப்ப நண்டு?"

"காலையிலயே சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சுக்கா."

ஐயோ, என் வயிறே! அன்றைக்கு எனக்குக் கிடைத்தது முருங்கைக்காய் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். பசியில் அதுவும் அமிர்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. சாயங்காலம் கோயிலில் மேளம் அடித்துக் காப்பு கட்டினார்கள். குமரேசன் கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது. நான் ஊருக்குள் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் காட்டுக்குப் போனேன். துணைக்கு வந்தது அடுத்த வீட்டு ராசாத்தி. எந்நேரமும் வாய் ஓயாத பெண், எனக்குப் பிடித்துவிட்டது. சாமி காடு என்பதால் ஒரு சுள்ளிகூட யாரும் ஒடிப்பதில்லை. வீரை மரமும் உலக்கைப் பாலை மரமும் பின்னிக்கொண்டு, வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போது உள்ளே நிழல் குளுகுளுவென்று இருந்தது. காட்டின் முன்பக்கம், கோயில் சுவரை ஒட்டி, வெறும் மணல் திடல். அங்கங்கே காரை முள் புதர்.

"இங்கதான் அக்கா மழைக்கு அப்பறம் நரிவெங்காயம் கும்பலா மொளைக்கும். ஆடுகூட வாய் வைக்காது" என்றாள் ராசாத்தி. "இப்பப் பாருங்க, பொட்டல். இது எங்க பூக்க?"

பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. என்ன கோடு என்றேன்.

"தெரியாதா? பொக்லைன் வருது. குமரேசன் அண்ணன்தான் ஏற்பாடு. முள்ளைத் தள்ளி, மண்ணை வழிச்சு, கிராவல் அடிச்சுக் கார் நிறுத்த எடம் பண்ணப் போறாங்க. காப்புக்கு முன்னாடியே வர வேண்டியது. எங்கயோ ஏரி வேலையில டயரு வெடிச்சுப்போச்சாம். நாளைக் கழிச்சு வருதாம்."

எனக்குச் சுருக்கென்றது. மண்ணை ஒரு முழம் வழித்தால் கிழங்கு அத்தனையும் லாரியில் போய்விடும். நேரே குமரேசனிடம் போனேன். கோயில் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"காப்பு கட்டிட்டு எப்படிடா மண்ணை வழிப்ப? பச்சையில கத்தி வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"பச்சை எங்கக்கா இருக்கு? முள்ளும் மண்ணுந்தானே? கமிட்டியில பேசித்தான் முடிவு பண்ணோம்."

"மண்ணுக்கு அடியில உயிரு இருக்குடா."

"அடியில இருக்கறதுக்கெல்லாம் காப்பு செல்லாதுக்கா. அப்படிப் பாத்தா வேலிக் கம்புகூட ஊன முடியாது." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "பச்சையைக் காட்டுங்க. ஒரே ஒரு தண்டு காட்டுங்க. வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன். இல்லாட்டி என்னைத் தடுக்காதீங்க. இது நடந்தே ஆகணும்."

அவன் முகத்தில் இருந்த பிடிவாதம் எனக்குப் புரியவில்லை. ஒரு பார்க்கிங்குக்கு இவ்வளவா? ஆனால் பிடிவாதத்தில் நானும் அவனும் ஒரே தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. கரண்ட் போய், விசிறி நின்று, ஊரே வாசலில் நின்று மழையைப் பார்த்தது. அடுத்த நாள் காலை திடல் முழுக்க நான்கு காலில் தவழ்ந்தேன். மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே தவழ்ந்தேன். கோயிலுக்கு வந்த பெண்கள் நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். மதியம் வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்குப் பொக்லைன். ராசாத்தி பானகம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "விடுங்கக்கா, இல்லாததை எங்கேர்ந்து கொண்டாருவீங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முள்ளுக்குப் பயந்து நான் புதர்களுக்குள் மட்டும் பார்க்கவில்லை. முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு பெரிய காரைப் புதருக்குள் தலையை விட்டேன். கன்னத்தில் கீறியது, கையில் கீறியது. உள்ளே, நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு நின்றது. இலை இல்லை. மண்ணிலிருந்து நேரே எழுந்த பச்சைத் தண்டு, நுனியில் மொட்டுக்கள், கீழ் மொட்டு இரண்டு இன்றைக்கோ நாளைக்கோ என்று உப்பியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு. திடலில் வந்ததையெல்லாம் பந்தல் போட வந்தவர்களின் கால் மிதித்திருக்கிறது. புதருக்குள் இருந்தவைதான் பிழைத்திருந்தன.

"ராசாத்தி!" என்று நான் போட்ட சத்தத்தில் கோயில் மேளக்காரரே ஓடி வந்தார்.

ராசாத்தி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதுவா? இது வருஷா வருஷம் வர்ற குச்சிப் பூவுக்கா. இது வேற, நரிவெங்காயம் வேற."

கொட்டாங்குச்சியால் தண்டின் அடி மணலை மெதுவாகத் தள்ளினேன். இரும்பு படக் கூடாது என்று எனக்கே ஒரு பயம். ஒரு சாண் போனதும் வெள்ளையாக, கைப்பிடி அளவுக்கு, வெங்காயம் மாதிரியே கிழங்கின் தோள் தெரிந்தது. தண்டு அதன் உச்சியிலிருந்து வந்திருந்தது.

"அடி ஆத்தி!" என்று ராசாத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "இந்தக் கிழங்கை எத்தினி தடவை சுட்டு மிதிச்சிருப்பேன்! இது பூக்காதுன்னு என் மாமியாகிட்ட சத்தியம்கூடப் பண்ணியிருக்கேனே!"

பாவம், அவள்மேல் என்ன தப்பு? இந்தச் செடியில் இலையும் பூவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. ஒரே அடுப்படியில் சேர்ந்து நிற்காத மாமியார் மருமகள் மாதிரி. வெயில் காலத்தில் இலையில்லாமல் பூத் தண்டு மட்டும் வந்து போகும். அது காய்ந்து விழுந்த பிறகு மழைக்கு இலை வரும். கிழங்கு தேடுகிறவர்கள் இலையைப் பார்த்துத்தான் தோண்டுவார்கள். அப்போது பூ இருக்காது. சீமைப் பங்காளி வெளிச்சம் போய்விடுமே என்று அவசரமாக இலையும் பூவுமாக வருகிறது. நம்முடையது வெயிலுக்கு இலையைக் காட்டாமல் பூவை மட்டும் அனுப்புகிறது. மணலை மறுபடி மூடி, சுற்றிலும் காய்ந்த முள்ளை வைத்தேன்.

சாயங்காலம் பொழுது இறங்கி ஆள் முகம் மங்குகிற நேரத்தில் கீழ் மொட்டு இரண்டும் விரிந்தன. ஆறு இதழ், பழுப்பும் வெள்ளையும் கலந்த நிறம், ஒவ்வொரு இதழின் முதுகிலும் ஒரு கோடு. தலையைக் குனிந்துகொண்டு தொங்கின. அழகா என்று கேட்டால் நீலக் காட்டைப் பார்த்த கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு அந்துப்பூச்சி வந்து மோதிவிட்டுப் போனது. விடிந்து போய்ப் பார்த்தால் இரண்டும் சுருண்டிருந்தன. ஒரு பூவுக்கு ஒரு இரவுதான், மறுநாள் மேலே இருக்கிற மொட்டின் முறை.

காலையில் பொக்லைன் மஞ்சள் யானையாக உறுமிக்கொண்டு வந்து நின்றது. குமரேசனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தான். குனிந்து தண்டை விரலால் தொட்டுப் பார்த்தான். நேரே போய் டிரைவரிடம், "காப்பு முடிஞ்சப்பறம் சொல்லி அனுப்புறேன், போங்க" என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். நான் ஜெயித்துவிட்ட தோரணையில் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "பூவுக்கு வழி பண்ணிட்டீங்க. தனத்துக்கு வழி இல்லாமப் போச்சேக்கா" என்றான்.

அப்போதுதான் முழுக்கச் சொன்னான். போன வருடம் ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மில் முக்கு வரைக்கும் வந்தது. அங்கிருந்து கோயில் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் கார். பூட்டிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விட்டார்கள். மைக்கில் நம்பர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டும் வண்டிக்காரர்கள் வந்து சேரவில்லை. "தூக்கிட்டு ஓடுனேன்கா. மில் வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனேன். பாதியிலயே அவ கை தொங்கிடுச்சு. கார் நிறுத்த எடம் இருந்திருந்தா ரோடு காலியா இருந்திருக்கும். இந்த வருஷமாவது பண்ணிடணும்னு இருந்தேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பூவைத் தூக்கிக்கொண்டு போய் இவன் துக்கத்துக்கு முன்னால் ஆட்டியிருக்கிறோமே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அதே சமயம், அந்தத் திடலை வழித்தாலும் எத்தனை கார் நிற்கும்? அது நிறைந்ததும் மறுபடி ரோட்டில்தான் விடுவார்கள். இதை அவனிடம் உடனே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் கமிட்டி கூடியிருந்தபோது அவனிடம் சொன்னேன். "காரை ஊருக்குள்ளயே விடாத. மில்லுகிட்டயே நிறுத்திடு. சீமையில ஒரு பூவைப் பாக்கறதுக்கே எல்லாரையும் காரை விட்டு இறக்கி நடக்க வச்சாங்கடா. நானே நடந்தேன். அம்மனைப் பாக்க நடக்க மாட்டாங்களா?"

கமிட்டிக்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். "கார்ல வர்றவன் நடப்பானாம்மா? சண்டைக்கு வருவான்" என்றார் தலைவர்.

"சண்டைக்கு வரட்டும். நான் நிக்கிறேன் அங்க" என்றேன்.

குமரேசன் என் பக்கம் திரும்பினான். "ஒரு திருவிழா ரோட்டைக் காலியா வச்சுக் காட்டுங்க. முடியலைன்னா காப்பு அவுத்த மறுநாளே மண்ணை வழிச்சிடுவேன். அப்பறம் பூவு கீவுன்னு வரக் கூடாது."

"சரிடா" என்றேன்.

ரைஸ் மில்காரரிடம் நானே போனேன். அறுவடை முடிந்து நெல் காயப்போடும் களம் சும்மாதான் கிடந்தது. மனிதர் தாடையைச் சொறிந்தார். "வரவேற்பு பிளக்ஸுல நம்ம படம் கொஞ்சம் பெரிசா வரணும்" என்றார். தலைவர் படத்தைவிடப் பெரிதாகவே போட்டுக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்தேன். அதை வைத்துத் தலைவருக்கும் எனக்கும் நடந்த சண்டையை இங்கே எழுதவில்லை. நடக்க முடியாதவர்களைக் கொண்டுவந்து விட இரண்டு ஷேர் ஆட்டோ பேசினோம். இடையில் இருந்த நாட்களில் ஒவ்வொரு சாயங்காலமும் ராசாத்தி ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து புதருக்குள் டார்ச் அடித்து, "பாத்துக்கங்க, நம்ம நரிவெங்காயம்" என்று கண்காட்சி நடத்தினாள். குமரேசன் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

திருவிழா அன்று விடியும்போதே மில் முக்கில் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டிவிட்டு, கையில் சிவப்பு ஜாக்கெட் துணியோடு நின்றேன். முதலில் வந்தவர்கள் நல்ல மனிதர்கள், சொன்னதும் களத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். வெயில் ஏற ஏற வந்தவர்களின் கோபமும் ஏறியது. பெரிய வெள்ளைக் காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "நான் யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாது தம்பி. தெரிஞ்சாலும் நடந்துதான் போவணும்."

"தார் ரோடு சுடுதும்மா. வெறுங்கால்ல எப்படி நடக்கறது?"

"தீ மிதிக்கத்தானே வந்தீங்க?" என்றேன். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் இறங்கினார்.

ஒருவர் மூங்கிலைத் தூக்கப் பார்த்தார். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தூக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. இன்னொருவர் என்னைப் பைத்தியம் என்றார். ஆமாம் என்றேன். தொண்டை கட்டிக்கொண்டது. நீர்மோர்ப் பந்தலிலிருந்து யாராவது வந்து ஒரு டம்ளர் கொடுத்துவிட்டுப் போனார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் குமரேசன் வந்து என் பக்கத்தில் நின்றான். ஊருக்குள் போகிற ரோட்டைப் பார்த்தான். பால்குடம் எல்லாம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி வரைக்கும் ரோடு காலி.

அப்போது அவன் போன் அடித்தது. பால்குடம் எடுத்து வந்த ஒரு பெண் கோயில் வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள், நினைவு வரவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். அவன் முகம் செத்துப்போனது. நான் மூங்கிலை அவிழ்த்தேன். பேராவூரணிப் பக்கமிருந்து சைரன் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வண்டி முக்கில் திரும்பியதுதான் தாமதம், குமரேசன் அதற்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டான். துண்டைச் சுழற்றிக்கொண்டு, "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினான். ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. விலகுவதற்கு ஒரு ஆள் இல்லை. அவன் கத்திக்கொண்டே ஓடினான். டிரைவர் திகைத்துப்போய் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ போப்பா! அவனைத் தாண்டிப் போ!" என்று கட்டிய தொண்டையில் கத்தினேன்.

வண்டி அவனை ஒதுங்கித் தாண்டிப் போனது. அவன் நிற்கவில்லை, அதன் பின்னாலும் அதையே கத்திக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் வண்டி அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, என்னைக் கடந்து, மெயின் ரோட்டில் ஏறிப் பறந்தது. அவள் சாயங்காலமே பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது.

குமரேசன் நடந்து வந்தான். செருப்பு எங்கேயோ போய்விட்டது. மில் முக்குக்கு வந்ததும் நடு ரோட்டில் அப்படியே உட்கார்ந்தான்.

"எங்கயும் நிக்கலக்கா" என்றான். "நேரா போயிடுச்சு."

"ஆமாண்டா."

"பொக்லைன்காரனை வர வேணாம்னு சொல்லிடுங்க."

அதைச் சொன்னதும் அவனுக்கு உடைந்துவிட்டது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான். "தனம், தனம்" என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். நான் அவன் தலையை என் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் மறைத்தது.

பின்னால் ஒரு கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் திரும்பிச் சிவப்புத் துணியைக் காட்டினேன்.

"நில்லுப்பா. இங்க ஒருத்தன் அழுதுக்கிட்டு இருக்கான்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.